விளக்கேற்றியவர் என்றொரு நிரல்

அம்மாவின் ஃபைல் என்னிடம்தான் இருந்தது. நீல உறை, உள்ளே ஆறு பிரிவுகள். இரத்தப் பரிசோதனைகள், ஸ்கான்கள், கதிர்ச் சிகிச்சைக் குறிப்புகள், குளிசைகள், அடுத்த கிளினிக் திகதிகள், டொக்டரிடம் கேட்க வேண்டியவை. மடிக்கணினியிலும் அதே ஒழுங்கில் ஓர் அட்டவணை வைத்திருந்தேன். நான் மென்பொருள் பரிசோதிக்கும் வேலை செய்கிறவள். மற்றவர்கள் செய்து தருவது எங்கெங்கே பிழைக்கக்கூடும் என்று முதலில் பட்டியல் போட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் என் தொழில். வீட்டிலும் கை அப்படியே போகும்.

அம்மாவுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வந்து, கதிரும் மருந்தும் சேர்த்துக் கொடுத்து முடித்து இரண்டு வருடம் ஆகப் போயிருந்தது. ஒவ்வொரு கிளினிக்கிலும் நல்லாயிருக்கிறது என்று எழுதித் தந்தார்கள். நான் அந்தக் கட்டத்துக்குப் பச்சை நிறம் கொடுத்தேன். பச்சைக் கட்டங்கள் வரிசையாக இறங்கி வருவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அட்டவணையில் இல்லாத ஒரு விசயம், ஆவணி மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் சாமி விளக்கை நான் ஏற்றிக்கொண்டிருந்தேன் என்பது.

வெள்ளவத்தையில் எங்களுடையது மூன்றாம் மாடி. சாமி அறை என்று ஒன்று கிடையாது. குசினிக்குப் போகிற வழியில் சுவரில் அடித்த பலகைத் தட்டுத்தான். அப்பா இருந்த காலத்தில் தன் உயரத்துக்கு அளந்து அடித்தது. அம்மா குதிக்காலை உயர்த்தி, வலது கையை முழுதாக நீட்டினால்தான் திரி எட்டும். இறக்கி அடிப்போம் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். பழகிப் போயிற்று என்பார்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, முழங்கால் நோகிறது, நீ ஏற்றிவிடு என்றார். வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டிலிருந்து வேலை செய்வேன். ஏற்றினேன். அடுத்த வெள்ளியும் ஏற்றினேன். மற்ற நாட்களில் நான் அலுவலகத்தால் வர ஏழு மணி தாண்டிவிடும்; வரும்போது விளக்கு ஆறிக் கிடக்கும். கேட்டதற்கு, எண்ணெய் பலகையில் ஊறுகிறது, இனி வெள்ளிக்கு மட்டும் போதும் என்றார். எனக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கோல் ரோட்டில் ஒரு பார்மசியில் முழங்காலுக்குப் பூசுகிற மருந்து வாங்கிவந்து கொடுத்தேன். அதைக் குளிசைகள் பிரிவில் எழுதியும் வைத்தேன்.

ஐப்பசியில், மழை பெய்து விட்ட ஒரு வெள்ளி பின்னேரம் சின்னம்மா வந்தார். அம்மாவின் தங்கை, கொட்டாஞ்சேனையில் இருக்கிறவர். அன்று எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அம்மா கீழே போய் அவரைக் கூட்டிக்கொண்டு, அவருடைய பைகளையும் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். வந்ததும் அம்மா மேசையடியில் இருந்து, டியூஷன் பிள்ளைகளின் விடைத்தாள்களைச் சிவப்புப் பேனையால் திருத்தத் தொடங்கினார். பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேனையை அவர் கீழே வைத்ததில்லை. நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு விளக்கடிக்குப் போனேன்.

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த சின்னம்மாவின் கை நின்றுவிட்டது.

"என்ன, இப்ப இவளோ விளக்கு வைக்கிறவள்?"

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. முழங்கால் என்றார்.

"மூண்டு மாடி என்ர பையையும் தூக்கிக்கொண்டு ஏறினனீங்கள். அப்ப நோகேல்லையோ?"

அம்மா ஒரு விடைத்தாளைப் புரட்டினார். சின்னம்மா கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அக்கா, உங்களுக்கு இரத்தம் போகுதோ?"

சிவப்புப் பேனை நின்றது. அவ்வளவுதான் பதில்.

எங்கள் வீடுகளில் மாதவிலக்கு நாட்களில் பெண் விளக்கைத் தொடமாட்டாள், கோயிலுக்குள் போகமாட்டாள். துடக்கு என்பார்கள். அம்மாவும் சின்னம்மாவும் நான்கு பெண்பிள்ளைகள் இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள். யார் இன்றைக்கு விளக்கு வைக்கவில்லை என்பதைப் பார்த்தாலே போதும், ஒருவரும் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் இது தெரியாததல்ல. ஆனால் அதை என் வயதுக்குரிய விசயமாகத்தான் வைத்திருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில், கதிர் பட்டு எல்லாம் ஓய்ந்துபோன உடம்போடு இருக்கிற அம்மாவுக்கு அது பொருந்தும் என்று என் மண்டைக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. உலகத்தில் எந்த டொக்டரும் கவனித்திருக்க முடியாத ஓர் அறிகுறி, என் கையில் தீப்பெட்டியாக வந்து சேர்ந்திருந்தது. சின்னம்மாவுக்கு அது விளங்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

"எத்தினை நாளா?" என்று சின்னம்மா கேட்டார்.

நான்தான் சொன்னேன், பத்து வெள்ளி என்று. அந்த எண்ணிக்கை எனக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கதிர் பட்ட இடம் இடைக்கிடை கசியலாம் என்று டொக்டர் முன்பு சொல்லியிருந்தார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு பத்து வாரம் இருந்திருக்கிறார். கார்த்திகையில் கிளினிக் வரும்தானே என்று நினைத்தேன் என்றார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சதைத்துண்டு எடுத்தார்கள். உடம்பு முழுவதையும் ஸ்கான் செய்தார்கள். வெவ்வேறு டொக்டர்மார் கூடி இருந்து அம்மாவின் படங்களைப் பார்த்துக் கதைத்தார்கள். கடைசியில் சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த சிங்களப் பெண். என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நான் எழுதி எழுதி, அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

நோய் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் முந்தி இருந்த இடத்தில்தான் வந்திருக்கிறது. நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போகவில்லை. சிறுநீர் தங்குகிற சலப்பையின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடம் தாங்கக்கூடிய கதிர் முழுவதையும் முதல் தடவையே கொடுத்தாயிற்று, இனிக் கொடுத்தால் நோயைவிட உடம்புதான் முதலில் கெடும். ஆகவே மிச்சம் இருப்பவை இவை என்று விரல் மடக்கினார்.

ஒன்று, பெரிய சத்திரசிகிச்சை. கருப்பையையும் அதைச் சுற்றியுள்ளதையும் சலப்பையையும் ஒன்றாக எடுத்துவிடுவது. குடலின் கடைசிப் பகுதியையும் எடுக்க வேண்டி வரலாம். அதை உள்ளே பார்த்துத்தான் சொல்லலாம். அதன்பிறகு வயிற்றின் வலப் பக்கத்தில் ஒட்டிய பையில் சிறுநீர் வரும். குடலும் போனால் இடப் பக்கத்தில் இன்னொரு பை. நோயை அடியோடு எடுக்கிற வாய்ப்பு இருக்கிற வழி இது ஒன்றுதான். திறந்த பிறகு ஸ்கானில் தெரியாத இடத்தில் நோய் இருந்தால் ஒன்றும் செய்யாமல் மூடிவிட வேண்டியும் வரலாம்.

இரண்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவது. அதோடு கட்டிக்குப் போகிற இரத்தக் குழாய்களை அடக்குகிற மருந்து ஒன்றையும் சேர்க்கலாம். ஆனால் கதிர் பட்ட உடம்பில் அது சில வேளை உள்ளே துளை விழச் செய்யும். மூன்று, உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியை நோயின் மேல் ஏவிவிடுகிற புது மருந்து. அம்மாவுக்குப் பொருந்துமா என்று அந்தச் சதைத்துண்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். இவை நோயைப் பிடித்து வைக்கும். எவ்வளவு காலம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. நான்கு, நோவுக்கும் இரத்தப் போக்குக்கும் மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டில் நிம்மதியாக இருப்பது. அதுவும் வைத்தியம்தான், கைவிடுவது என்று நினைக்கவேண்டாம் என்றார். இரண்டு கிழமை யோசியுங்கள் என்றார்.

பை என்ற இடத்தை நான் ஒரு சின்னப் பை என்று மொழிபெயர்த்தேன். அம்மா தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அட்டவணை போட்டேன். குறுக்கே நான்கு நிரை, மேலிருந்து கீழாக ஆறு நிரல்: சிகிச்சை, என்னத்துக்காக, ஆஸ்பத்திரியில் எத்தனை நாள், கூடவே வரக்கூடிய தொல்லைகள், அதன்பின் அன்றாட வாழ்க்கை, கேட்க வேண்டிய கேள்வி. கனடாவில் இருக்கிற அண்ணா காலையிலும் பின்னேரமும் போன் எடுத்தார். புது மருந்தைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வாசிக்க முடியாத அளவு கட்டுரைகள் அனுப்பினார். சின்னம்மா ஒப்பரேசன் பக்கம். நான் ஒரு பக்கமும் சாயாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டு எல்லோருடைய கேள்விகளையும் அட்டவணையில் ஏற்றினேன். அம்மா கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நீங்கள் மூன்று பேரும் வாக்கெடுப்பு வைத்து முடிவை எனக்கு அறிவியுங்கோ, நான் பேசாமல் வந்து படுக்கிறேன் என்றார்.

அட்டவணையை அச்செடுத்து மேசையில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் அம்மா அதைத் திருத்தியிருந்தார். கட்டம் கட்டமாகச் சரி போட்டிருந்தார். ஓர் எழுத்துப் பிழையைச் சுழித்திருந்தார். முதலாம் நிரையில், அன்றாட வாழ்க்கை என்ற கட்டத்தில் மட்டும் சரியும் இல்லை, பிழையும் இல்லை. சின்னதாக ஒரு கேள்விக்குறி.

அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருந்தது: பையை நாளுக்குச் சில தடவை வெறுமையாக்க வேண்டும், சில நாட்களுக்கொருமுறை மாற்ற வேண்டும், பழகலாம். கேள்விக்குறியைப் பார்த்து, அம்மா பயப்படுகிறார் என்று முடிவு செய்தேன். பையின் வகைகள், தோல் புண்படாமல் காக்கும் பசை, தூங்கும்போது எப்படி, பயணம் போகும்போது எப்படி என்று ஒரு பக்கம் நிறைய எழுதி, படமும் போட்டு, இன்னொரு தாள் அச்செடுத்துக் கொடுத்தேன். அம்மா அதையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

ஒப்பரேசன் வேண்டாம், மருந்தை ஏற்றட்டும் என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"ஒரு நிரையைத் தெரிஞ்செடுத்தாச்சு. காரணமும் எழுதோணுமோ?"

"செய்த வழியைக் காட்டாட்டிப் புள்ளியில்லை எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுறது நீங்கள்தானே."

அம்மா சிரித்தார். ஆனால் வழியைக் காட்டவில்லை. அவருடைய உடம்பு, அவருடைய முடிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியான வசனம்தான். ஆனால் அதைச் சொல்லி முடித்த பிறகும் அட்டவணையின் முதலாம் நிரைக்கே திரும்பத் திரும்பப் போனேன். நான் சாயாமல் இருக்கவில்லை. அம்மா இன்னும் இருபது வருடம் அந்த மேசையில் இருந்து விடைத்தாள் திருத்த வேண்டும் என்பதுதான் என் பக்கம். அதற்கு அட்டவணையில் ஒரே ஒரு நிரைதான் இருந்தது.

அடுத்த வெள்ளி, சின்னம்மா கூப்பிட்டபடியால் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அவர் வீட்டுத் தெருவின் முனையில் ஒரு சின்னக் கோயில். பூசைக்கு மணி அடித்ததும் நானும் சின்னம்மாவும் உள்ளே போனோம். அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. செருப்புகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், வெளிவாசலுக்கு அப்பால் கைகூப்பி நின்றார். நீங்கள் போங்கோ, நான் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

உள்ளே இருந்து திரும்பிப் பார்த்தேன். தீபம் காட்டும்போது அம்மா எல்லோருடைய தலைகளுக்கும் மேலால் எட்டிப் பார்த்தார். குதிக்காலை உயர்த்திக்கொண்டு. அந்த உயர்த்தலை நான் பார்த்த நொடியில் கேள்விக்குறி இருந்தது அன்றாட வாழ்க்கை என்ற கட்டத்தில் என்பது நினைவுக்கு வந்தது.

பூசை முடியும் முன்னே வெளியே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். பிறகு நானே கேட்டேன், பையை நினைத்தா வேண்டாம் என்கிறீர்கள் என்று.

அம்மா யாரோ ஒரு பிள்ளையின் செருப்பு கவிழ்ந்து கிடந்ததைத் தன் காலால் நிமிர்த்தி வைத்தார்.

"இந்த இரத்தம் எண்டால் நிக்கும். மருந்து ஏத்தினால் நிக்கக்கூடும் எண்டு டொக்டர் சொன்னவ. நிண்டால் நான் உள்ளுக்குப் போவன், விளக்கு வைப்பன். பை எண்டால் நிக்கிற விசயமில்லைப் பிள்ளை. எந்த நேரமும் உடம்போட. சாகுமட்டும் நான் வாசலிலயோ?"

துடக்கு என்பதையெல்லாம் நான் பல்கலைக்கழக விடுதியிலேயே விட்டுவிட்டவள். அதில் அர்த்தமில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் என் வாயில் தயாராக இருந்தன. அவற்றைச் சொன்னால், கேட்காத கேள்விக்கு மூன்றாம் தடவையும் பதில் எழுதியவளாவேன் என்று பட்டது. ஆகவே, இதை நான் பை போடுகிறவர்களிடம் கேட்கட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"சிங்கள ஆக்களிட்டைப் போய்த் துடக்கைப் பற்றிக் கேக்கப் போறியோ?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேள். வெக்கம் உனக்குத்தான்."

ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஒரு தாதி இருந்தார். எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிட்டார்கள். வயிற்றில் பை வைத்த நோயாளிகளோடு வருடக்கணக்காக வேலை செய்தவர். என் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும், இதற்குப் போதவில்லை. கோயிலுக்குப் போகக்கூடாத மாதிரி, வீட்டில் விளக்குத் தொடக்கூடாத மாதிரி என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, மிஸி இடையில் மறித்து, கில்லவையா கேட்கிறீர்கள் என்றார். துடக்குக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். அம்மாவும் அதை அறிவார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குத்தான் அந்த அறையில் மொழி இல்லாமல் போயிற்று.

மிஸி சிரிக்கவும் இல்லை, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று தட்டிவிடவும் இல்லை. கடவுள் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாது அம்மே, என் கையில் இருப்பதைத்தான் சொல்லலாம் என்றார். மேசை லாச்சியிலிருந்து ஒரு பையை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, வாயை மூடி, தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். அம்மாவின் கையில் கொடுத்து அமத்திப் பார்க்கச் சொன்னார். இது எல்லோருடைய வயிற்றிலும் இருக்கிறது, உங்களுக்கும் எனக்கும். கோயிலுக்குள் போகும்போது நாங்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டா போகிறோம் என்றார். இப்போது உள்ளே இருப்பது இரண்டு அங்குலம் வெளியே வரும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். இரண்டு பக்கமும் பை உள்ளவர். பௌர்ணமிப் போயா நாளில் வெள்ளை உடுத்து, விகாரையில் காலையிலிருந்து பொழுதுபடும் வரை சில் என்கிற நோன்பு இருந்துவிட்டு வருகிறவர்.

அம்மா என்னிடம் தமிழில் கேட்டார்: "அந்த மனுசி வாசலிலயோ இருக்கிறவ, உள்ளுக்கோ?"

நான் மொழிபெயர்த்தேன். மிஸி முன்வரிசை என்றார். பிறகு, காது கேட்காது, அதனால்தான் என்றார்.

அம்மா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த தண்ணீர்ப் பை குலுங்கியது. ஒரு துளியும் சிந்தவில்லை. அதை அவர் கவனித்ததை நான் கவனித்தேன்.

ஒப்பரேசன் செய்வதென்றால் அதற்கு முந்திய கிழமை வந்து வயிற்றில் இடம் குறிக்க வேண்டும் என்றார் மிஸி. வழமையாக உடுக்கிற உடுப்போடு வரவேண்டும்; இடுப்புக் கட்டும் மடிப்பும் பையை அமத்தாத இடமாகப் பார்க்க வேண்டும். ஓட்டோவில் வரும்போது நான் முடிவைக் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. இரண்டு நாள் கழித்து அம்மா அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"எந்தச் சேலை கொண்டு போறது? பருத்தி எண்டால் கொய்யகம் மொத்தமாய் வரும்."

முடிவு அப்படித்தான் எனக்கு அறிவிக்கப்பட்டது. கொய்யகம் என்றால் முன்னால் மடித்துச் செருகுகிற பகுதி. பருத்திச் சேலையே கொண்டு போவோம், மொத்தமானதற்குப் பார்த்தால் மெல்லியதற்கும் சரிவரும் என்றேன். அம்மா அதை ஒத்துக்கொண்டார்.

குறித்த நாளில், மிஸியின் அறைத் திரைக்குப் பின்னால் அம்மா அந்தச் சேலையை உடுத்தார். மிஸி கொய்யகம் வருகிற இடத்தைப் பார்த்து, வலப் பக்கத்தில் ஒரு புள்ளியும் இடப் பக்கத்தில் ஒரு புள்ளியும் போட்டார். இருக்கச் சொன்னார், எழும்பச் சொன்னார், குனியச் சொன்னார். புள்ளிகள் மடிப்புக்குள் ஒளிகின்றனவா என்று பார்த்தார். போதும் என்று பேனையை மூடப் போனார்.

பொறுங்கோ என்றார் அம்மா, தமிழில்தான். மிஸிக்கு விளங்கியது. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, குதிக்காலை உயர்த்தி, வலக்கையை மேலே நீட்டினார். அங்கே ஒரு தட்டும் இல்லை. வெறும் வெள்ளைச் சுவர். வயிற்றுத் தோல் மேலே இழுபட, வலப் பக்கப் புள்ளியும் கூடவே ஏறியது. மிஸி அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். விளக்கு என்றேன். ஆ, பஹன என்று தலையாட்டி, பழைய புள்ளியை அழித்து, அரை அங்குலம் தள்ளிப் புதிதாக வைத்தார். நான் திரையின் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கைகளுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

ஒப்பரேசன் அன்று காலை எட்டு மணிக்குள் அம்மாவை உள்ளே கொண்டு போனார்கள். ஸ்கானில் தெரியாதது ஏதாவது இருந்தால் மதியத்துக்கு முன்பே மூடிவிட்டு எங்களைக் கூப்பிடுவார்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே எங்களுக்குச் சீக்கிரம் என்பது கெட்ட சொல். தாழ்வாரத்தில் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் சின்னம்மா என் கையைப் பிடித்தார், மூடியதும் விட்டார். ஒன்பது மணி, பத்து மணி. ஒருவர் வெளியே வந்து எங்களை நோக்கி நடந்தார். எங்களைத் தாண்டித் தண்ணீர் குடிக்கப் போனார். பதினொன்றுக்கு நான் அதுவரை கதவு திறந்த தடவைகளைக் கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் ஓர் எண்ணிக்கையை நானாக நிறுத்தியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"பன்னிரண்டாச்சு," என்றார் சின்னம்மா. "கூப்பிடேல்லை."

அதற்குப் பிறகுதான் அவர் கொண்டு வந்த சாப்பாட்டுப் பார்சலைத் திறந்தோம்.

பொழுதுபடுகிற நேரம் டொக்டர் வந்தார். குடலின் கடைசிப் பகுதியையும் எடுக்க வேண்டியிருந்தது; இரண்டு புள்ளிகளும் பயன்பட்டன. தெரிந்ததெல்லாம் எடுத்தாயிற்று என்றார். எடுத்ததன் ஓரங்களில் நோய் இல்லை என்று ஆய்வுகூடத்து அறிக்கை வர மேலும் சில நாட்கள் சென்றன. அந்தக் காகிதத்தை நான் ஃபைலில் போடவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் இலகுவாக இருந்தது என்று எழுதமாட்டேன். காய்ச்சல் வந்து திரும்ப ஆஸ்பத்திரி வாட்டில் போட்டார்கள். காயம் ஒரு பக்கத்தில் மெதுவாகத்தான் ஆறியது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பையை மாற்றும்போது முதல் தடவையாகக் கண்ணாடியில் தன்னை முழுதாகப் பார்த்த அம்மா, கட்டிலில் இருந்து வெகுநேரம் அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். என்னிடம் அதற்கு ஒரு பட்டியலும் இருக்கவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ வெட்டின ஓட்டை வட்டமாயில்லை, கவராயம் வைச்சு வெட்டு என்றார். பையை வயிற்றில் ஒட்டுகிற பசைத் தட்டில் ஓட்டை வெட்டுவது என் வேலையாக இருந்தது. அடுத்ததை, அம்மாவின் கணிதப் பெட்டியில் இருந்த கவராயத்தால் வட்டம் கீறியே வெட்டினேன்.

அந்த நாட்களில் வெள்ளிக்கிழமைகளில் விளக்கை நான்தான் ஏற்றினேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே கும்பிடுவார்.

மாசியில் ஒரு வெள்ளி. எண்ணெய் விட்டு, திரி போட்டு, தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். குளியலறைக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"விளக்கை ஏத்திப் போட்டியோ?"

இல்லை என்றேன்.

"ஏத்தாதை. பை மாத்திக்கொண்டிருக்கிறன். பத்து நிமிசம்."

தீப்பெட்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். கடற்கரைப் பக்கமாக ஒரு ரயில் போக, யன்னல் கண்ணாடி வழமைபோல அதிர்ந்தது. பத்து நிமிடம் அல்ல, இருபதாயிற்று. அம்மா முகம் கழுவி, திருநீறு பூசி, வீட்டில் உடுக்கிற பழைய பருத்திச் சேலையில் வந்தார். இடக்கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குதிக்காலை உயர்த்தினார். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது பிடித்தது. நான் பின்னால் நின்று, சேலைக்குள் அந்தப் புள்ளி இருக்கிற இடத்தைப் பார்த்தேன். ஒன்றும் இழுபடவில்லை.

தட்டை இனியாவது இறக்கி அடிப்போம் என்றேன்.

"விசரோ? இந்த உயரத்துக்குத்தான் புள்ளி போட்டது."

அன்று இரவே அட்டவணையைத் திறந்து புதிதாக ஒரு நிரல் சேர்த்தேன். தேநீரோடு வந்த அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது என்ன நிரல் என்று கேட்டார். விளக்கேற்றியவர் என்றேன். அம்மா கோப்பையை மேசையில் வைத்து, அந்த வெறும் கட்டங்களின் மேல் விரலை ஓட்டினார்.

"அப்ப ஆவணியில இருந்து போடு," என்றார். "விட்ட பத்தையும் போடு."

போட்டேன். நான், நான், நான் என்று பத்து வெள்ளி. அதன் கீழே சோதனைகள் நடந்த வெள்ளிகள், ஆஸ்பத்திரி வெள்ளிகள், கட்டில் வெள்ளிகள், அவற்றுக்கும் நான். அந்த நிரலின் கடைசிக் கட்டத்தில் அம்மா என்று அடித்தேன். பக்கத்துக் கட்டத்தில் அடுத்த ஸ்கான் திகதி இருந்தது. அதற்கு இன்னும் நிறம் கொடுக்கவில்லை.